தண்டமும் ஈடும்

உலகத்தில் பெருங்குற்றங்கள் அரியன. சிறுகுற்றங்களே நாடோறும் நிகழ்வன. கொலையும் கொள்ளையும் ஓர் ஊரில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நேரினும் நேரும். நேராது ஒழியினும் ஒழியும். ஆனால், அயலான் வயலிற் கன்று மேய்தலும், வரப்பைச் சிறிது வெட்டித் தன்னிலத்தோடு சேர்த்துக்கொள்ளுதலும், இரவில் மடையைத் திருப்பிக்கொள்ளுதலும், வைக்கோற்போரிற் கைவைத்தலும், வாய்ச்சண்டை முற்றிக் கைகலத்தலும் நிகழாத ஊரும் இல்லை. நிகழாத ஆண்டும் இல்லை. ஆதலின், ஒரு நாட்டாருடைய நீதி எத்தகையது என்று அறிய விரும்புவோர், அவர் கொலைஞனை என் செய்தனர் என வினவுவதினும், வாழைத்தார் திருடியவனை என் செய்தனர் என வினவுதலே தக்கது. அதனினும் தக்க வினா மற்றொன்று உண்டு. வாழைத்தாரை இழந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதே அது.

இவ்விரண்டாம் வினாவையே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம். நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் வழக்குத் தீர்க்கும் பொறுப்பைப் பெரியோர் சிலர் இன்றும் ஏற்று வருகின்றனர். அவர்க்கும், அவர்பால் வழக்குக் கொண்டுசெல்வோர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும் என்பது நம் கருத்து.

முதற்கண் சொற்களை நோக்குவோம். தண்டம் என்பது கோல் என்று பொருள்படும் வடசொல். கோலால் அடித்தலைக் குறித்துப் பின்னர் ஒறுத்தலைக் குறித்து, அதன்பின் ஒறுப்பாகக் கொள்ளப்படும் பொருளையும் குறித்தது. அபராதம் என்பதும் வடசொல்லே. அம்மொழியில் அதற்குக் குற்றம் என்பதே பொருள். தமிழ் வழக்கிலோ, குற்றத்திற்காகக் கட்டும் பணமே அபராதம் எனப்படுகின்றது. குற்றத்தின் பெயர் பணத்தின் பெயராக மாறியபோது, பணத்தைக் கட்டிவிட்டாற் குற்றம் தீர்ந்தது என்னும் எண்ணமும் உடன் புகுந்தது போலும்! பாமர மக்கள் வழக்கோ இன்னும் கூரியது. யாருக்கும் பயன்படாத செலவைத் ‘தண்டச் செலவு’ என்றும், வீணே உண்பவனது உணவைத் ‘தண்டச் சோறு’ என்றும் அவர் வழங்குவர். கட்டியவனுக்கும் பயனின்றி, நட்டப்பட்டவனுக்கும் சேராத பொருளே தண்டம் என்று அவர் கண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஈடு என்பது இதற்கு மாறானது. ஒப்பு, சமம் என்பன அதன் பொருள். ஈடுகட்டுதல், ஈடுசெய்தல் என்னும் வழக்குக்கள் தாழ்ந்த தட்டை உயர்த்தித் தராசை நேர்நிறுத்துதலைக் குறிப்பன. சுருங்கக் கூறின், தண்டம் குற்றம் செய்தவனை நோக்குவது. ஈடு குற்றத்தால் வருந்தியவனை நோக்குவது. இரண்டும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

சங்க நூல்களிற் கண்ட இரு வழக்குக்கள்

பழந்தமிழ் நாட்டிற் சிறுகுற்றத்திற்குப் பெருந்தண்டம் விதித்த செய்திகள் இரண்டு சங்க நூல்களிற் காணப்படுகின்றன. இரண்டையும் பாடியவர் பரணர் என்னும் புலவர் பெருமானே.

ஒன்று, குறுந்தொகை 292-ஆம் பாட்டிற் கண்ட நன்னன் செய்தி. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி, ஆற்றுநீர் கொண்டுவந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னனது காவல் மாமரத்துக் காய். குற்றம் இவ்வளவே. அவளைக் கொல்லுமாறு அவன் பணித்தான். அவள் உயிர்க்கு ஈடாக எண்பத்தொரு களிறுகளும், அவள் நிறைக்கு நிறை பொன்னாற் செய்த பாவையும் தரப்பட்டன. அவன் கொள்ளானாய்க் கொலையே புரிந்தான். பெண்கொலை புரிந்த அந்நன்னன் மீளா நரகம் புகுந்தான் என்பது புலவர் தீர்ப்பு. இச்செய்தியால் நாம் அறிவன இரண்டு. குற்றத்திற்குப் பொருளால் ஈடு கொடுக்கும் வழக்கம் அக்காலத்தே தமிழ்நாட்டில் இருந்தது என்பது ஒன்று. அவ்வீட்டை ஏலாது ஒறுத்தலையே விரும்பியவனை உலகம் பழித்தது என்பது மற்றொன்று.

இரண்டாவது, அகநானூற்றின் 196, 262-ஆம் பாட்டுக்களிற் கண்ட அன்னி மிஞிலியின் செய்தி. பயறு விளைந்திருந்த செய்யில் ஒரு பசு புகுந்து மேய்ந்துவிட்டது. அவள் தந்தை மெய்யே உரைக்கும் இயல்பினன். அவ்வூர் முதுகோசர், மேய்ந்த பயற்றுக்கு விலை கேட்டிலர், மாட்டைப் பிடித்துக்கொண்டிலர், அவன் கண்களைக் களைந்தனர். அதுகண்ட மகள், கலத்தில் உண்பதும் தூய உடை உடுப்பதும் தவிர்த்து நோன்பு பூண்டாள். கோசர் உயிர் இழந்த பின்னரே அவள் சினம் தணிந்தது.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கருதல் வேண்டும். பயறு மேய்ந்த நட்டம் என்னவாக இருந்திருக்கக்கூடும்? சில படி பயறு. அதனை அளந்து கொடுத்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். கண்ணைக் களைந்தமையால் பயறு மீளவில்லை. ஒருவன் கண் போயிற்று. பின்னர்ப் பலர் உயிரும் போயின. அளவிறந்த தண்டம் குற்றத்தைத் தீர்ப்பதன்று. புதிய குற்றத்திற்கு வித்திடுவது.

இதனாலன்றோ, தெய்வப்புலவர் செங்கோன்மையை ஓரதிகாரத்தால் விளக்கி, கொடுங்கோன்மையை அடுத்த அதிகாரத்தால் விலக்கி, அதன்பின் வெருவந்த செய்யாமை என மூன்றாவதாகவும் ஓரதிகாரம் வகுத்தருளினர்! குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம், குற்றத்தின் அளவுக்கு ஒப்ப ஒறுத்தலே வேந்தன் கடன் என்பதும், ஓங்கும்போது கடிதாக ஓங்கினும் வீழும்போது மென்மையாக வீழ்தல் வேண்டும் என்பதும் அவர் கூறும் நெறி.

ஈடுசெய்த பாண்டியன்

ஈடு இன்னதென்று முழுமையாகக் காட்டும் பழைய வரலாறு சிலப்பதிகாரத்தில், மதுரைக் காண்டத்துக் கட்டுரை காதையில் உள்ளது. கோவலன் வழக்கை எல்லாரும் அறிவர். அக்காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வார்த்திகன் வழக்கைப் பலர் கருதுவதில்லை.

வார்த்திகன் என்னும் அந்தணனது இல்லத்திற் பொருள் வந்து சேர்ந்தமை கண்டு பொறாத காவலர், அரசனைச் சேரவேண்டிய புதையற் பொருளை இவன் கவர்ந்தான் எனப் பழிசுமத்திச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுதாள். அப்போது கொற்றவை கோயிற்கதவு திறவாது ஒழிந்தது. தன் ஆட்சியிற் பிழை நேர்ந்தது என்று உணர்ந்த பாண்டியன் வினவி உண்மை அறிந்தான். அறிந்தவன் செய்தவை யாவை?

முதலாவது, சிறை விடுத்ததோடு அமையாது, தன் பிழையைப் பொறுக்குமாறு அவ்வந்தணனை வேண்டி நிலமிசை வீழ்ந்து வணங்கினான். இரண்டாவது, நீர்வளம் மிக்க திருத்தங்காலையும் விளைவு குன்றாத வயலூரையும் அவனுக்கு ஈடாக வழங்கினான். மூன்றாவது, புதையலாயினும் பிறவாறு கிடைத்ததாயினும் பொருள் கண்டெடுத்தவனுக்கே உரியது என்று நாடறிய அறிவித்து, அத்தகைய பழி மேலும் எழாதபடி முறையையே திருத்தினான். கதவும் திறந்தது என்பது காப்பியம்.

பணிந்து பொறுத்தல் வேண்டுதல், இழந்ததற்கு ஈடளித்தல், மீண்டும் நேராமற் காத்தல் ஆகிய இம்மூன்றும் கூடியதே முழுமையான நீதி. கோவலன் வழக்கில் இம்மூன்றற்கும் இடமில்லாது போயிற்று. கொல்லப்பட்டவனுக்கு ஈடு ஏது? ஆதலின் அவ்வரசன் தன் உயிரையே துறந்தான். இவ்விரு வழக்கையும் ஒரே காண்டத்துள் வைத்த இளங்கோவடிகளது கருத்து, ஆராய்வார்க்குப் பெரிதும் இன்பம் பயப்பதாகும்.

கல்வெட்டுக் காட்டும் தண்டங்கள்

இனிக் கல்வெட்டுக்களை நோக்குவோம். திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் மாறஞ்சடைய பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் காலம் ஏறத்தாழ கி. பி. 800. ஊர்ச்சபையிற் கருமம் நடவாதபடி எடுத்ததற்கெல்லாம் ‘அன்று’ என்று மறுத்து நிற்பவர், 5 காசு தண்டம் இறுக்க வேண்டும் என்று அச்சபையார் விதித்தனர். பிறரைத் தண்டிக்கும் உரிமையுடையோர் முதலிலே தம்மைத் தண்டத்திற்கு உட்படுத்திக்கொண்டனர் என்பது இதன் சிறப்பு. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனது 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டுவித்த புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களும் இத்தகையனவே. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் குடத்திற் பெயரிடப் பெறார் என்று அவை விலக்குகின்றன.

சிறு வழக்குக்களில் ஊர்மன்றத்தார் கொண்ட தண்டப்பொருளுக்கு மன்றுபாடு என்று பெயர். ஊர் வருவாய்களின் அடைவில் இதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது. வருவாய் என்று எண்ணப்பட்ட அளவிலேயே அது குற்றத்தால் வருந்தியவனை விட்டு விலகியது எனல் வேண்டும். தண்டம் ஒரு வரவாக மாறுமிடத்து, ஈடு மறக்கப்படுதல் இயல்பு.

சோழர் காலத்து வேறொரு வழக்கமும் கருதற்பாலது. வேட்டைக்குச் சென்றவன் விலங்கின்மேல் எய்த அம்பு தவறி ஆள்மேற் பட்டு அவன் இறந்த வழக்குக்கள் கல்வெட்டுக்கள் பலவற்றில் வருகின்றன. ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, இவன் வேண்டுமென்று கொன்றானல்லன். ஆதலின் இவனைக் கொல்லவேண்டா. திருக்கோயிலில் ஒரு நந்தாவிளக்கு வைக்கக்கடவன் என்று தீர்த்தனர். நந்தாவிளக்கு ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு 96 என்பது அக்காலத்துப் பெருவழக்கு. அவ்வாடுகளைப் பெற்ற இடையர், நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்து வந்தனர். 96 ஆடு 48 பசுவுக்கு ஒப்பு என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களால் அறியப்படும். ஆகவே தண்டம் சிறிதன்று.

வரி வாங்கச் சென்ற அதிகாரி ஒருவன் பற்றிய செய்தியும் உண்டு. நான் வரி இறுக்கக் கடமைப்பட்டவளல்லேன் என்று ஒரு பெண் மறுத்தாள். அவளைச் சூளுறவுக்கு உட்படுத்தி அவன் வருத்தவே, அவள் நஞ்சுண்டு மாய்ந்தாள். பல நாட்டாரும் கூடி அவ்வதிகாரியே குற்றத்திற்கு உரியன் என்று தீர்த்தனர். அவன் 32 காசு கோயில் விளக்குக்கு வைத்தான். அரசாங்க அலுவலன் என்று நாட்டார் அஞ்சாது தீர்ப்புரைத்தமை பாராட்டத்தக்கது.

இத்தீர்ப்புக்களின் பெருமை யாது? உயிருக்கு உயிர் கொள்ளாது, அறிந்து செய்த குற்றத்தையும் அறியாது நேர்ந்த பிழையையும் பகுத்தறிந்தமையே. கோசரும் நன்னனும் கொண்ட கொடுமை நீங்கி நாடு எத்துணைத் தொலைவு நடந்துவந்தது என்பதை இது காட்டும். இறந்தவன் பெயரால் விளக்கெரிதல் அவனுக்கு நற்கதி தரும் என்று அக்காலத்தார் நம்பினர். ஆதலின் அவர் கருத்தில் அதுவும் ஓர் ஈடே. ஆயினும் அக்கல்வெட்டுக்கள் கூறுவது கோயிலுக்கு வந்த ஆட்டையும் காசையுமே. விளக்கு இறந்தவனுக்கு ஆகுக. அவன் மனைவி மக்களுக்கு அடுப்பெரிய வேண்டாவோ?

இவ்வினாவுக்கும் நம் முன்னோரிடத்தில் விடை இல்லாமற் போகவில்லை. ஊரைக் காக்கப் பொருது இறந்தவருடைய வழியினர்க்கு ஊரார் நிலம் விட்டனர். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். சிந்திய உதிரத்திற்கு ஈடாகிய நிலம் என்பது பொருள். உயிரை மீட்டல் இயலாது; உயிரை நம்பியிருந்தோர் வாழ்வை மீட்டல் இயலும் என்பதை உணர்ந்தோர் இட்ட பெயர் அது.

துரைத்தனத்தார் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியிற் சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ என்பவருடைய முயற்சியால் 1816-ஆம் ஆண்டில் ரெகுலேஷன்கள் பல பிறந்தன. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு உரியன. 4-ஆம் ரெகுலேஷன், கிராம முன்சீப்புக்கு 10 ரூபாய் வரையுள்ள கடன், அசையும் பொருள் ஆகியவற்றைப் பற்றிய வழக்குக்களைத் தீர்க்கும் உரிமையளித்தது. 11-ஆம் ரெகுலேஷன், வசைமொழி, சிறு கைகலப்பு ஆகிய குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டனை விதிக்க உரிமையளித்தது. இழந்த பொருளைக் கேட்க ஒரு வழியும், செய்த குற்றத்தைத் தண்டிக்க வேறொரு வழியும் என நீதி இரண்டாகப் பிளவுண்டமை இங்கே தெளிவாகக் காணப்படும்.

அப் 11-ஆம் ரெகுலேஷன் விதித்த தண்டனையை நாம் மறத்தல் ஆகாது. குற்றவாளியைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரத்திற்கு மேற்படாமல் அடைத்துவைக்கலாம். அவன் தாழ்ந்த சாதியார் என எண்ணப்பட்ட வகுப்பினனாயின், அவனைத் தொழுமரத்தில் 6 மணி நேரத்திற்கு மேற்படாமல் மாட்டிவைக்கலாம் என்பதே அது. வைத குற்றம் ஒன்றே; வாய் ஒன்றே; வைதவன் பிறப்புக்கு ஏற்பத் தண்டம் இரண்டு! ஒருவன் நிழலில் அமர்ந்திருப்பான். மற்றவன் ஊரார் காண மரத்துட் காலை மாட்டிக் கிடப்பான். ஊர்வழக்கத்தில் இருந்த ஓர் இழிவைச் சட்டத்தின் எழுத்தாக ஆக்கிவைத்தது அது. வசை கேட்டவனுக்கோ இவ்விரண்டினாலும் வந்தது யாதும் இல்லை. 1821-ஆம் ஆண்டின் 4-ஆம் ரெகுலேஷனால் ஒரு ரூபாய்க்கு மேற்படாத சிறு திருட்டுக்களுக்கும் கிராமத் தலைவரது இவ்வதிகாரம் நீட்டப்பட்டது.

1860-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. தண்டனை எழுத்தளவில் எல்லார்க்கும் பொதுவாயிற்று என்பது அதன் நலம். ஆனால், குற்றம் என்பது சர்க்காருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்னும் கொள்கையால், அபராதத் தொகை சர்க்கார் கஜானாவுக்கே சென்றது. பொருளை இழந்தவன் அவ்வழக்கில் வெறுஞ்சாட்சியாக நின்றான். 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருட்டு முதலியவற்றிற்குக் கசையடியும் வந்தது. அத்தண்டனை 1955-ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. கசையால் அடிபட்டவன் முதுகிலிருந்து களவுபோன பொருள் ஒருநாளும் மீண்டதில்லை.

உழுகுடிகளாகிய நமக்கு நன்கு விளங்கும் எடுத்துக்காட்டு 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமாகும். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவன் 24 மணி நேரத்திற்குள் கொண்டித்தொழுவுக்கு அனுப்புதல் வேண்டும். மாட்டை மீட்க வருபவன், யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, காளை பசுக்களுக்கு 4 அணா, கன்றுக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா எனக் கட்டி, தீனிச் செலவையும் கொடுத்து மீட்க வேண்டும் என்று அச்சட்டம் முதலில் விதித்தது. அந்நான்கு அணா யாருக்குப் போயிற்று? தொழுவை நடத்துவோர்க்கு. நாற்றங்கால் அழிந்தவன், தன் நட்டத்திற்கு வேண்டுமானால் தனியே சிவில் வழக்குத் தொடரலாம் என்று அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு அவன் உரிமையைக் காத்துவைத்தது. மாட்டை முறையின்றிப் பிடித்தவனிடமிருந்து மாட்டுக்காரனுக்கு 100 ரூபாய் வரை ஈடு வாங்கித்தர மட்டும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மாட்டை இழந்தவனுக்கு அண்மையில் நீதி. பயிரை இழந்தவனுக்குச் சேய்மையில் நீதி! அன்னி மிஞிலியின் தந்தைபோல் யாரும் கண்ணிழக்க வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பயற்றுக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினா அப்படியே நின்றது.

ஈடு மீண்டும் வந்தமை

1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்து 545-ஆம் பிரிவு, கோர்ட்டார் விதிக்கும் அபராதத்தின் ஒரு பகுதியை நட்டப்பட்டவனுக்குக் கொடுக்குமாறு ஆணையிட இடந்தந்தது. ஆனால், ஒருவன் குறிப்பிடத்தக்க அளவு நட்ட ஈட்டைச் சிவில் கோர்ட்டிற் பெறத்தக்கவன் என்று கண்டால்தான் அவ்வாறு செய்யலாம் என்னும் கட்டும் உடனிருந்தது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், சிறைக்கு அனுப்பாது விடப்படும் குற்றவாளியை நட்டப்பட்டவனுக்கு ஈடு தருமாறு பணிக்கலாம் என்றது. 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விசாரணைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு மேலும் ஓரடி சென்றது. அபராதமே விதிக்காத வழக்கிலும், குற்றவாளி இவ்வளவு தொகையை நட்டப்பட்டவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று கோர்ட்டார் ஆணையிடலாம் என்பதே அது.

சட்டம் வந்தும் வழக்கத்தில் வர நெடுங்காலம் ஆயிற்று. குற்றத்திற்கு ஆளாகி வருந்தியோரை நம் சட்டம் கருதாதிருத்தல் அதன் குறைபாடு என்று 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பில் வருந்தி எழுதினார். 1988-இல் உச்ச நீதிமன்றம், இவ்வதிகாரத்தைத் தாராளமாகக் கையாளுமாறு கோர்ட்டுக்களுக்கு அறிவுறுத்தியது. 2013-இல், ஈடு தருவதைப் பற்றி ஒவ்வொரு வழக்கிலும் கருதிப் பார்த்துக் காரணம் எழுதுதல் கோர்ட்டின் கடமையே என்றும் தீர்த்தது. இதற்கிடையே 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், குற்றவாளி அகப்படாவிடினும் அரசாங்கமே ஈடளிக்கும் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஏற்படவேண்டுவதாயிற்று.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதீய நியாய சன்ஹிதா நடைபெறுகின்றது. அதன் 303-ஆம் பிரிவிற் சேர்க்கப்பட்டுள்ள விதி ஒன்று நம் பொருளுக்கு மகுடம் போன்றது. களவுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடையதாய், குற்றவாளியும் முதன்முறை குற்றம் புரிந்தவனாய் இருந்து, அப்பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சிறையன்று. ஊர்க்குப் பயன்படும் தொண்டே தண்டனை. கூலி பெறாமல் அத்தொண்டை அவன் செய்தல் வேண்டும். வாழைத்தார் வழக்குக்கு இதனினும் நேரான தீர்ப்பு ஏது? இழந்தவன் பொருளைப் பெறுகின்றான். ஊர் உழைப்பைப் பெறுகின்றது. தவறியவன் தன் வாழ்வைப் பெறுகின்றான். பாண்டியன் வார்த்திகனுக்குச் செய்த நெறியின் சாயல் இதில் உண்டு.

நம்மவர் கடமை

இவ்வளவு வரலாற்றையும் கூறியது நம் வீட்டு முற்றத்திற் கொண்டுவந்து நிறுத்துதற்கே. குலக்கூட்டங்களில் வழக்குத் தீர்க்கும்போது தெண்டம் போடுதல் நம் நாட்டில் நெடுநாள் நடந்துவந்தது. அத்தெண்டம் கூட்டத்தார் பொதுப்பணத்திற் சேரும். சிலவிடத்துக் கூட்டத்தார் உண்ணும் விருந்தாக முடியும். குற்றவாளி கூட்டத்தார் காலில் விழுவான். அடியுண்டவனோ, பொருள் இழந்தவனோ ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பணிந்தது யாரிடம்? பொருள் சேர்ந்தது யாரிடம்? இரண்டும் உரியவனிடத்துச் சேரவில்லை. மேலும், தெண்டம் கட்டாதவனைக் குலத்தைவிட்டு விலக்கி, நெருப்பும் நீரும் மறுத்த கொடுமைகளும் உண்டு. சில படி பயற்றுக்காகக் கண்ணைக் களைந்த கோசர்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாது?

ஆதலின் நம் பெரியோர் தெளிவாக அறியவேண்டுவன சில.

முதலாவது, தண்டிக்கும் அதிகாரம் எந்தச் சாதிக் கூட்டத்திற்கும் கிடையாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்துக்கள் சட்டத்திற்கு முற்றும் மாறானவை, அவை அடக்கப்படல் வேண்டும் என்று கண்டித்துக் கூறியுள்ளது. தெண்டமோ, விலக்கோ, காலில் விழச்செய்தலோ விதிப்போர் தாமே குற்றவாளியாவர்.

இரண்டாவது, சமாதானம் செய்துவைக்கும் உரிமை ஒழிந்துவிடவில்லை. சிறுகாயம், தனியார் பொருளுக்கு மட்டும் நேர்ந்த சேதம், பிறர் மனையில் அத்துமீறி நுழைதல் போன்றவற்றை, வருந்தியவன் தானே மனமொப்பி இணக்கம் செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. மனமொப்பி என்பதே இங்கு உயிர்ச்சொல். அச்சத்தால் ஒப்பியது ஒப்புதலன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த லோக் அதாலத்தில் அவ்விணக்கத்தை எழுதிப் பதிவுசெய்துகொண்டால், அது கோர்ட்டுத் தீர்ப்புக்கு ஒப்பாகும். அதன்மேல் அப்பீலும் இல்லை.

மூன்றாவது, பெருங்குற்றங்களைச் சமாதானப் பேச்சிற்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் தீங்கை அறிந்தும் அறிவியாமல் மறைத்தல் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். தாழ்த்தப்பட்டோர்க்கு இழைக்கும் வன்கொடுமையும் அத்தகைய இணக்கத்திற்கு உரியதன்று. அவ்வழக்குக்களில் நம் குலத்தான் என்று ஒருவனைக் காத்தல், அவன் குற்றத்தில் நாமும் பங்குகொள்ளுதலேயாம்.

நான்காவது, சமாதானம் பேச அமர்வோர் வினவவேண்டிய முதல் வினா, இவனுக்கு என்ன தெண்டம் என்பதன்று. அவன் இழந்தது என்ன என்பதே. நாற்று அழிந்ததா? நாற்று விலையும் மறுநடவுக் கூலியும் எவ்வளவு? அடிபட்டதா? வைத்தியச் செலவு எவ்வளவு? எத்தனை நாள் வேலை கெட்டது? இவற்றைக் கணக்கிட்டு, உரியவன் கையில், உரிய நாளுக்குள் சேர்ப்பிக்கும் வழி காண்க. மன்னிப்பு வேண்டுமிடத்தும், அதனை வருந்தியவனிடமே வேண்டுவிக்க. இவ்விரண்டும் நிறைவேறியபின் பகை எஞ்சுதற்கு இடம் அரிது.

எண்பத்தொரு களிற்றையும் பொற்பாவையையும் மறுத்த நன்னன், ஓரிளம்பெண்ணின் உயிரைக் கொண்டு பெற்றது இரண்டாயிரம் ஆண்டாகத் தீராத பழி. இரண்டூர் வழங்கி ஓர் ஏழை அந்தணன்முன் மண்ணில் வீழ்ந்த பாண்டியன் பெற்றது அழியாத புகழ். சினத்தைத் தணித்தலால் நீதி நிறைவதில்லை. இழந்தவன் கை நிறைந்தால்தான் நீதி நிறையும். நம் குடும்பங்களிலும் நம் ஊர்களிலும் வழக்கு எழும்போதெல்லாம் தண்டத்தை அதற்குரிய கோர்ட்டுக்கு விடுத்து, ஈட்டை நாம் மறவாது நாடுவோமாக.